மூன்றாம் வரிசைச் சிரிப்பு

“இவர் இயல்பிலேயே நகைச்சுவை உணர்வு மிக்கவர். எதையும் சிரித்த முகத்துடன் எதிர்கொள்பவர். பார்வையாளர் ஒலிப் பிரிவில் தற்காலிக உதவியாளராகப் பணியாற்றிய காலம் முழுவதும் தமது கலகலப்பான சுபாவத்தால் சக ஊழியர்களை மகிழ்வித்தார்.”

தொலைக்காட்சி நிலையம் கொடுத்த நற்சான்று இது. கண்ணாடிச் சட்டம் போட்டு, சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே நின்று வெங்காயம் நறுக்கும் அம்மாளைப் பார்ப்பவர்களுக்கு, யார் வீட்டுச் சான்றிதழோ மாறி வந்துவிட்டது என்றுதான் தோன்றும். அவர் முகம் நல்ல முகம். குறை சொல்ல முடியாது. ஆனால் பேருந்து வருமா வராதா என்று நிறுத்தத்தில் நிற்பவர்களின் முகம் அது. எந்த நேரமும் அப்படித்தான்.

கணவர் தண்ணீர் பம்பு பழுதுபார்ப்பவர். ஊரில் எந்தக் கிணற்றடிக்குப் போனாலும் நான்கு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வருகிற ஆள். வீட்டில் மட்டும் அவர் பருப்பு வேகவில்லை.

“கல்யாணமான புதுசுல ஒரு ஜோக் சொன்னேன்,” என்பார். “முழுசாக் கேட்டுட்டு, ‘அப்புறம்?’னா. அந்த அப்புறத்தைத்தான் இன்னமும் தேடிக்கிட்டிருக்கேன்.”

“அதுல என்ன சிரிப்பு இருக்கு? அந்த ஆளு கீழ விழுந்துட்டான், அடிபட்டிருக்கும்ல?” என்று அம்மாள் இப்போதும் கேட்பார்.

இப்படிப்பட்டவரின் சிரிப்பைத்தான் ஒரு தலைமுறை வாரந்தோறும் ஒரு தொலைக்காட்சித் தொடரில் கேட்டு வளர்ந்தது என்று சொன்னால் நம்புவது கடினம். நம்பாமல் இருப்பது அதைவிடக் கடினம். அந்தத் தொடரை ஒருமுறை பார்த்தவர்களுக்குக்கூட அந்தச் சிரிப்பு காதில் இருக்கும். முதலில் சின்ன விக்கல் மாதிரி ஒன்று. பிறகு படிக்கட்டில் எவர்சில்வர் பாத்திரம் உருள்வதுபோல மடமடவென்று இறங்கும். கடைசிப் படியில் மூச்சு வாங்கி, “ஐயோ” என்று உட்காரும். அதற்குப் பின்னால்தான் மற்றவர்களின் சிரிப்பு வரும்.

தொடரின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஒரு குடும்பத்தின் மாடியறைக்குச் சில நாட்கள் தங்குவதாக வாடகைக்கு வந்த ஒருவர், காலி செய்யவே மாட்டார். தகரப் பெட்டியோடு வந்ததால் அவருக்குப் பெட்டி மாமா என்று பெயர். ஒவ்வொரு வாரமும் சண்டை முற்றும், பெட்டி மாமா ரோஷம் வந்து பெட்டியைத் தூக்குவார், வாசல்வரை போவார், திரும்பிப் பார்த்து, “சரி, அப்ப நான் கிளம்புறேன்” என்பார். அங்கே ஒரு நிறுத்தம். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்து நாற்காலியில் சாய்ந்து, “ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு” என்பார். அவ்வளவுதான். இதைப் பார்க்க நாடே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தொடரை உண்மையான பார்வையாளர்களை வைத்துக்கொண்டே பதிவு செய்தார்கள். அலுவலகங்கள், ஆலைகள், பள்ளிகள் என்று ஆட்களை வேனில் அழைத்துவந்து உட்கார வைப்பார்கள். இங்கேதான் சிக்கல். சொந்த வீட்டில் அந்த நகைச்சுவைக்கு உருண்டு புரண்டவர்கள், விளக்கும் கேமராவும் கண்ட மாத்திரத்தில் பரீட்சை எழுத வந்தவர்களைப் போல விறைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் மேலாளர் இருக்கிறார். முதலில் சிரிப்பவன் மாட்டிக்கொள்வான் என்ற பயம். எல்லோரும் இரண்டாவதாகச் சிரிக்கத் தயார். முதலாவதாகச் சிரிக்கத்தான் ஆள் இல்லை.

அம்மாள் அப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் சீசாவுக்கு மூடி முறுக்கும் பிரிவில் வேலை பார்த்தார். கம்பெனி வேனில் அவரும் வந்தார். பதிவுக்கு நடுவில் கழிவறை தேடிப் போனவர், திரும்பி வரும்போது கதவு தவறி, நேராகக் கதைக் குடும்பத்தின் சமையலறைக்குள் வந்து நின்றுவிட்டார். எதிரே விளக்குகள். விளக்குகளுக்குப் பின்னால் தன் பிரிவு முழுவதும், மேற்பார்வையாளர் உட்பட. பெட்டி மாமா பெட்டியோடு நின்று அவரைப் பார்க்கிறார். ஓடவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அந்த அவமானத்தில், தானறியாமல், விக்கல் வந்து பாத்திரம் உருண்டது. சபை வெடித்துச் சிரித்தது. பதிவில் அதுவரை கேட்காத சிரிப்பு.

தளப் பொறுப்பாளர் காதில் பென்சில் செருகிய மனிதர், புத்திசாலி. நிகழ்ச்சி முடிந்ததும் வேனருகே வந்தார்.

“அம்மா, அந்தச் சிரிப்பு மறுபடி வருமா?”

“மன்னிச்சிருங்க சார். தெரியாம வந்துட்டேன்.”

“வந்ததைக் கேக்கல. சிரிச்சதைக் கேக்குறேன்.”

அப்படியாக அம்மாள் மூன்றாம் வரிசை அக்கா ஆனார். மூன்றாம் வரிசைக்கு மேலேதான் ஒலிவாங்கி தொங்கியது. ஆகவே அந்த இடம். தளப் பொறுப்பாளர் பென்சிலை வலக் காதிலிருந்து இடக் காதுக்கு மாற்றினால் அக்கா சிரிக்க வேண்டும். கதை புரிய வேண்டியதில்லை. புரியவும் இல்லை. ஆரம்பத்தில் சிரிப்பு வரவழைக்க அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது: கண்ணை மூடி, அந்தக் கதவையும் விளக்கையும் மேற்பார்வையாளரின் முகத்தையும் நினைத்துக்கொள்வார். உடம்பு கூசும். சிரிப்பு வரும். ஆக, வாரந்தோறும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த அந்தச் சந்தோஷம், ஒரு பெண் தன் மானம் போனதை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்ததால் கிடைத்தது. சில காலத்துக்குப் பிறகு நினைக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. பென்சில் நகர்ந்தால் போதும். அதற்கும் பிறகு பென்சிலும் வேண்டியிருக்கவில்லை. “சரி, அப்ப நான் கிளம்புறேன்” என்ற குரல் கேட்டால் போதும். குழாயைத் திருகினால் தண்ணீர் வருவதுபோலச் சிரிப்பு வந்தது.

நடிகருக்கும் இது பழகிவிட்டது. அந்த வசனத்தைச் சொல்லிவிட்டுப் பெட்டியின் கைப்பிடியை இறுக்கியபடி மூன்றாம் வரிசைக்காகக் காத்திருப்பார். மூன்றாம் வரிசை சிரிக்கும், பிறகு சபை, பிறகு நாடு.

அக்காவுக்கு ஒரே மகள். மகளுக்கு அம்மாவின் வேலை பிடிக்கவில்லை என்று சொன்னால் அது மரியாதைக்காகச் சொல்வது. பள்ளியில் சக மாணவிகள் அந்தச் சிரிப்பைச் செய்து காட்டுவார்கள். அது யாருடையது என்று தெரிந்து செய்தவர்கள் இல்லை. தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் இவளும் சேர்ந்து செய்வாள். “அம்மா என்ன வேலை?” என்று கேட்டால், “மருந்துக் கம்பெனி” என்பாள். பொய்யில்லை, பகலில் அதுதான். வாரத்துக்கு ஒரு நாள் மாலை அம்மா எங்கே போகிறாள் என்பதை மட்டும் சொல்லமாட்டாள். அம்மாவுக்கு இது தெரியும். மகள் தோழிகளை அழைத்து வந்தால், தும்மல் வந்தால்கூடச் சமையலறைக்குள் போய்த்தான் தும்முவார்.

தொடரை வெறுத்து வளர்ந்த பெண்ணுக்கு அதன் ஒவ்வொரு வரியும் மனப்பாடம். வெறுப்பதற்கு உன்னிப்பாகப் பார்க்க வேண்டுமல்லவா! படத்தொகுப்பாளரிடம் உதவியாளராகச் சேர்ந்து, உதவி இயக்குநராகி, அங்கும் இங்கும் அலைந்து, கடைசியில் அவளுக்கு முதல் படம் கிடைத்தபோது அது எதுவாக இருந்தது என்றால், அந்தத் தொடரைத்தான் ஒரு தயாரிப்பாளர் திரைப்படமாக எடுக்க வாங்கி வைத்திருந்தார். இயக்குநர் தேடிக்கொண்டிருந்தார். இவள் போய் உட்கார்ந்து எல்லா வாரத்துக் கதையையும் ஒப்பித்தாள். வேறு யாரைத் தேடுவார்?

பெட்டி மாமாவாக அதே பழைய நடிகர். தலை நரைத்து, குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. ஆனாலும் அதே குரல்தான். படம் முழுக்கச் சிரிப்பு. அதில் தயாரிப்பாளருக்கும் அவளுக்கும் தகராறு இல்லை. தகராறு கடைசிக் காட்சியில். படத்தில் அந்தக் குடும்பம் நொடித்துப்போய் வீட்டை விற்கிறது. இனி தன்னால் ஒரு வேளைச் சாப்பாடுகூடச் சுமை என்று பெட்டி மாமாவுக்குப் புரிகிறது. பெட்டியைத் தூக்குகிறார். வாசலில் திரும்பி, “சரி, அப்ப நான் கிளம்புறேன்” என்கிறார். ஒரு நிறுத்தம். இந்தமுறை கிளம்பியே விடுகிறார். கதவு சாத்திக்கொள்கிறது. காலியான நாற்காலி மட்டும் தெரிகிறது, நெடுநேரம். மற்றதெல்லாம் ஊருக்காக எடுத்தாள். இதை மட்டும் தனக்காக எடுத்தாள்.

தயாரிப்பாளர் குண்டான, அன்பான, ஆபத்தான மனிதர். “ஏம்மா, சிரிக்க வந்தவனை ஏன் அழ அனுப்புறே?” என்றார். அவர் கேட்டபடி இன்னொரு முடிவையும் எடுத்து வைத்திருந்தார்கள்: பெட்டி மாமா திரும்பி வந்து, நாற்காலியில் சாய்ந்து, காப்பி கேட்கிறார். இரண்டில் எது என்பதற்கு அவரே ஒரு வழி சொன்னார்.

“சிறப்புக் காட்சியில உன் முடிவையே போடு. சபை கப்சிப்னு இருந்துச்சுன்னா, உன் இஷ்டம். ஒருத்தன் சிரிச்சாலும், மாமா திரும்பி வந்துடணும். சரியா?”

“சரி சார்,” என்றாள் மகள். சிரிக்கமாட்டார்கள் என்று அவளுக்கு உறுதி. அம்மாவைப் பற்றி மட்டும் அந்த உறுதி இல்லை. வீட்டுக்கு வந்து, அப்பாவிடம் தனியாகச் சொன்னாள்: “அம்மா வர வேண்டாம்ப்பா. நான் அப்புறம் டிவியில போட்டுக் காட்டுறேன்.”

அப்பா அன்று ஜோக் அடிக்கவில்லை. “உன் முதல் படம்டி. அவ வராம எப்படி?”

சமையலறையிலிருந்து குரல் வந்தது. “நான் வாயே தொறக்க மாட்டேன். சத்தியமா. கடைசி வரிசையில ஓரமா உக்காந்துக்குறேன்.”

இத்தனை நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மகள் கடைசிக் காட்சியைப் பற்றியும் தயாரிப்பாளரின் நிபந்தனையைப் பற்றியும் விவரமாக எடுத்துச் சொன்னாள். குழந்தைக்குச் சொல்வதுபோல இரண்டு தடவை சொன்னாள். அக்கா இரண்டு தடவையும் தலையாட்டினார்.

சிறப்புக் காட்சிக்கு அக்கா இஸ்திரி போட்ட புடவையில், கைப்பையில் தொண்டை மிட்டாயோடு வந்தார். வாயில் ஏதாவது இருந்தால் வாய் திறக்காது என்பது அவர் கணக்கு. அரங்கில் பிரமுகர்கள், பத்திரிகைக்காரர்கள், நடிகரின் சொந்தபந்தம். கணவர் கண்ணீர் வரச் சிரித்தார், இருமினார், பக்கத்து இருக்கைக்காரரின் தொடையில் தட்டினார். அக்கா மூடி சரியாக முறுக்கியிருக்கிறதா என்று சீசாவைப் பார்ப்பவரைப் போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்த இடங்களில் அவருக்குச் சிரிப்பு வரவில்லை; அது ஒன்றும் சிரமமாகவும் இல்லை. அவர் பயந்ததெல்லாம் வீண் என்று தோன்றியது. பென்சில் இல்லை, மேலே ஒலிவாங்கி இல்லை. உடம்பு தளர்ந்தது.

கடைசிக் காட்சி வந்தது. வீடு விற்றாயிற்று. சபை அடங்கியது, யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பின்சுவரில் சாய்ந்து நின்ற மகள் கைகளைக் கோத்துக்கொண்டாள். பெட்டி மாமா பெட்டியைத் தூக்கி, வாசலில் திரும்பினார்.

“சரி, அப்ப நான் கிளம்புறேன்.”

பிறகு அந்த நிறுத்தம். இதைச் சொல்லியாக வேண்டும்: மகள் அந்த நிறுத்தத்தை எங்கிருந்தும் கண்டுபிடிக்கவில்லை. வாரந்தோறும் கேட்டுக் கேட்டுக் காதில் ஏறிய அதே அளவு. தொடரில் நடிகர் மூன்றாம் வரிசைக்காகக் காத்திருந்த அதே இடைவெளி. நடிகரும் பழக்கத்தில் பெட்டியின் கைப்பிடியை இறுக்கினார். சபைக்கு அது மௌனம். அக்காவுக்கு அது தனக்காக ஒதுக்கிய இடம்.

விக்கல். பாத்திரம் உருண்டது. “ஐயோ.”

ஒரு கணம்தான் அந்தச் சிரிப்பு தனியாக இருந்தது. பிறகு, எதற்காக என்று தெரியாமலே, அரங்கம் முழுவதும் வெடித்தது. அழத் தயாராகக் கைக்குட்டையை எடுத்தவர்களும் சிரித்தார்கள். சின்ன வயதில் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் சிரித்துப் பழகிய உடம்புகள் அவை, அனுமதி கிடைத்துவிட்டது. திரையில் காலியான நாற்காலி. அதைப் பார்த்து எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தன்னுடைய சத்தம் தன் காதில் விழுந்த பிறகுதான் அக்காவுக்கு நடந்தது தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். மகள் சிரிப்பவர்களைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே தயாரிப்பாளர் ஓடிவந்து அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். “அந்தச் சிரிப்பு நீங்களா? உங்க பொண்ணு ஒரு வார்த்தை சொல்லலியே! தாயே, தெய்வமே, படத்தைத் தூக்கி நிறுத்திட்டீங்க! மாமா திரும்பி வர்றார், அதுதான் முடிவு!”

நடிகர் தூரத்தில் நின்று கும்பிட்டார். அவர் முகத்தில் பழைய பழக்கத்தின் மகிழ்ச்சியும், ஏதோ பறிபோன கலக்கமும் ஒன்றாக இருந்தன. பெரியவர் அந்தக் காட்சிக்காகவே படத்தை ஒப்புக்கொண்டவர்.

படிக்கட்டில் மகள் நின்றிருந்தாள். அக்கா அருகே போனார்.

“தெரியாம வந்துருச்சும்மா.”

“தெரியும்மா.”

“வாயில மிட்டாய் வெச்சிருந்தேன்.”

“சரிம்மா.”

“அது கரைஞ்சு போச்சு.”

மகள் திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பார். “நேரமாச்சு, வீட்டுக்குப் போங்க,” என்றாள், வாசலில் நிற்கும் யாரோ ஒருவரிடம் சொல்வதுபோல.

அடுத்த நாளே அது கைபேசிகளில் சுற்ற ஆரம்பித்தது. அரங்கில் யாரோ பதிவு செய்திருந்தார்கள்: இருட்டு, ஒரு நாற்காலி, அந்தச் சிரிப்பு. “பழைய சிரிப்பு திரும்பி வந்தது” என்று தலைப்புப் போட்டு அனுப்பினார்கள். நாத்தனார் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“என்ன அண்ணி, இத்தனை வருஷமா எங்க ஜோக்குக்கெல்லாம் கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்களே, பொண்ணு படத்துல மட்டும் கொட்டித் தீர்த்துட்டீங்களாமே! பெத்த பாசம்!”

“அது பாசம் இல்ல,” என்றார் அக்கா.

“பின்ன?”

என்னவென்று சொல்வது? அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டார். அடுப்பில் பால் இல்லை.

கணவர் சமாதானம் சொல்லிப் பார்த்தார். “ஜனங்க சந்தோஷமாத்தானே போனாங்க? விடு.”

“அவ முகத்தைப் பாத்தீங்களா?”

“இருட்டா இருந்துச்சுல்ல.”

“நான் பாத்தேன்.”

அவர் போய் ஒரு பம்பைப் பிரித்து வைத்துக்கொண்டு, பழுதில்லாததைப் பழுதுபார்த்தார்.

மகள் சும்மா இருக்கவில்லை. தயாரிப்பாளரிடம் போய் வாதாடினாள். சிறப்புக் காட்சியில் சிரித்தது சபை இல்லை, என் அம்மா. அது ஒரு பழைய வேலையின் பழக்கம். அதைப் பார்த்துப் படத்தை எடைபோடுவது நியாயமில்லை. டிக்கெட் வாங்கி வருகிற ஜனங்கள் முன்னால் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். அந்த வேலையைப் பற்றி அவள் வெளியாளிடம் வாய்திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. தயாரிப்பாளர், “சரி, கடைசித் தடவை,” என்று ஒரு சின்ன அரங்கில் வெள்ளிக்கிழமை பகல் காட்சிக்கு ஏற்பாடு செய்தார்.

மகள் வீட்டுக்கு வந்து, துணியெடுக்க வந்தவளைப் போல அலமாரியைத் திறந்து, அதற்குள் பார்த்தபடியே சொன்னாள்: “இந்தத் தடவை...”

“நான் வரல. வீட்டுலதான் இருப்பேன்,” என்று அக்கா முடித்தார். அப்படியே செய்வதாகத்தான் இருந்தார்.

பக்கத்து வீட்டுப் பெண் வராமலிருந்தால் செய்தும் இருப்பார். அந்தப் பெண் கைபேசியை நீட்டிக்கொண்டு சந்தோஷமாக வந்தாள். “அக்கா, வெள்ளிக்கிழமை நாங்க எல்லாரும் போறோம். எங்க ஆபீஸ்லயே பாதிப் பேர் வர்றாங்க. அந்த இடத்துல உங்களை மாதிரியே சிரிக்கணும்னு பேசி வெச்சிருக்கோம். கேளுங்க, சரியா வருதா?” என்று சிரித்துக் காட்டினாள். நன்றாகவே வந்தது. விக்கல்கூட இருந்தது.

அக்கா வெங்காயக் கையைத் துடைத்தார். “அந்த இடத்துல சிரிக்கக் கூடாதும்மா,” என்றார்.

“நீங்களே சிரிச்சீங்களே!” என்றாள் அந்தப் பெண்.

வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். கணவர் ஸ்கூட்டரை எடுத்தார். எங்கே என்று கேட்கவில்லை. போகும் வழியில் ஒன்று மட்டும் கேட்டார்: “மிட்டாய் எடுத்துக்கிட்டியா?”

“வேண்டாம்.”

சின்ன அரங்கம், இருக்கைகளில் பஞ்சு பிதுங்கியிருந்தது. பழக்க தோஷம், அக்கா மூன்றாம் வரிசையில்தான் உட்கார்ந்தார். மகள் தயாரிப்பாளரோடு பின்னால் நின்றிருந்தாள். முன்வரிசைகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவள் பார்க்கவில்லை. படம் ஓடியது. இடைவேளையிலேயே சிலர் அந்தச் சிரிப்பை ஒத்திகை பார்த்தார்கள். கடைசிக் காட்சி தொடங்கியதும் அரங்கில் ஒரு குறுகுறுப்பு. அழுவதற்கான அமைதி இல்லை, வெடியைக் கொளுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறவர்களின் அமைதி.

“சரி, அப்ப நான் கிளம்புறேன்.”

எங்கிருந்தோ ஒரு பொய் விக்கல். இன்னொரு பக்கத்திலிருந்து பாத்திரம் உருண்டது. சிரிப்பு வரிசை வரிசையாகப் பற்றத் தொடங்கியது.

அக்கா எழுந்து நின்றார். திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

“சிரிக்காதீங்க,” என்றார். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னார். “சிரிக்காதீங்கம்மா. இது சிரிக்கிற இடம் இல்ல.”

“பெரியம்மா, உக்காருங்க! மறைக்குது!”

“அவரு நெஜமாவே போறாரு. பாருங்க, அந்த ஆளு போறாரு. அன்னிக்கு நான்தான் தப்பாச் சிரிச்சுட்டேன். எம்மேல தப்பு. நீங்க சிரிக்காதீங்க.”

சிரிப்பு தடுமாறியது. “யாரு? அந்தச் சிரிப்பு இவங்களா?” என்று ஒருவர் கேட்டார். “சும்மா இருய்யா, யாரோ வந்து நிக்குது,” என்றார் இன்னொருவர். நடுவிலிருந்து ஒரு குஷியான குரல்: “நீங்கதான்னா ஒரு தடவை சிரிச்சுக் காட்டுங்க, நம்புறோம்!”

“ஆமா, காட்டுங்க! காட்டுங்க!” கைத்தட்டல்கூட வந்தது. திரையின் வெளிச்சம் அத்தனை முகங்கள்மேலும் விழுந்திருந்தது. எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. பின்சுவரோரம் மகள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு உடம்பு கூசியது. தொண்டையில் விக்கல் போல ஒன்று கிளம்பியது. தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்து, மேலே இரண்டு கைகளையும் வைத்துப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. ஆனால் சத்தம் வரவில்லை.

கணவர் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் பொத்தி நிற்கும் ஒரு வயதான பெண்ணை நோக்கி எவ்வளவு நேரம் கைதட்ட முடியும்? தட்டியவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். சிலர் எரிச்சலோடு, சிலர் சங்கடத்தோடு. கடைசியில் அரங்கில் சத்தமில்லை. அது நாற்காலியைப் பார்த்து வந்த மௌனமா, அக்காவைப் பார்த்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தயாரிப்பாளராலும் முடியவில்லை. வெளி வராந்தாவில் நின்று தலையைச் சொறிந்தார். “இதை எந்தக் கணக்குல சேர்க்குறது? சிரிச்சாங்கன்னும் சொல்ல முடியல, சிரிக்கலன்னும் சொல்ல முடியல.” பிறகு, அந்த நினைப்பு அப்போதுதான் வந்ததுபோல, மகளைப் பார்த்தார். “ஏம்மா, உன் முடிவையே வெச்சா, எல்லாத் தியேட்டர்லயும் ஜனங்க அந்த இடத்துல சிரிப்பாங்களே?”

“சிரிப்பாங்க சார்.”

“மாமா திரும்பி வர்ற மாதிரி மாத்திட்டா?”

“அப்பவும் சிரிப்பாங்க.”

“உங்கம்மா? எல்லாத் தியேட்டர்லயும் வந்து இப்படி நிப்பாங்களா?”

மகளின் முகம் இன்னும் சிவந்திருந்தது. பள்ளி நாட்களில் சிவந்த அதே சிவப்பு. “நிப்பாங்க,” என்றாள். பெருமையாகச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னாள்.

எப்படியும் சிரிக்கத்தான் போகிறார்கள் என்றால் மாற்றுவானேன் என்று தயாரிப்பாளர் விட்டுவிட்டார். படம் அவளுடைய முடிவோடுதான் வெளியானது. சில ஊர்களில் அந்த இடத்தில் சிரித்தார்கள், சில ஊர்களில் இல்லை. விளம்பரத்தில், மகளின் படத்தைக் கண்டு பூரித்துத் தன்னை மறந்து சிரித்த தாய் என்று எழுதினார்கள். நாத்தனார், அண்ணி பொண்ணுக்காகச் சபையையே அடக்கிவிட்டதாகச் சொல்லி வருகிறார். மகள் அந்தப் பகல் காட்சியைப் பற்றிப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள், சாப்பிடுகிறாள், டிவியில் படத்தை மட்டும் போட்டுக் காட்டுவதில்லை. அக்காவும் கேட்பதில்லை. கேட்டால் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்?

அக்கா சபையை அடக்கவில்லை. பூரிக்கவுமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பகல் காட்சியில் எழுந்து நின்று, தப்பு தன்னுடையது என்று சொன்னார். சிரித்துக் காட்டச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். காட்சி முடிந்ததும் உட்கார்ந்தார்.